எந்தச் சங்கத்தில் சேர்வது? மண்டபத்து ஓவியருக்கு ஒரு பதில்

கேள்வி: கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் ஓவியம் படித்துவிட்டு ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரில் இருக்கிறேன். வயது 28. பள்ளிக்கூடச் சுவர், ஹோம்ஸ்டே சுவர் என்று வேலை வருகிறது. சொந்தப் படங்கள் வீட்டில் அடுக்கிக் கிடக்கின்றன. எந்த அமைப்பில் சேர்ந்தால் உதவி கிடைக்கும்? நான் வரைந்த சுவர் ஓவியத்தை ஒரு ரிசார்ட் டி-ஷர்ட்டில் அச்சடித்து விற்கிறது. தட்டிக் கேட்க முடியுமா? கரையில் ஒதுங்கும் பவளப்பாறைத் துண்டுகளை ஒட்டிப் படம் செய்கிறேன், அதில் சிக்கல் வருமா?

பதில்: ஓர் உறுப்பினர் அட்டை வாங்கிவிட்டால் உதவி தானாக வரும் என்று நினைக்காதீர்கள். ஓவியர்களுக்கு அப்படி ஒரே வாசல் கிடையாது. வயதையும், இதுவரை செய்த வேலையையும், இனி செய்யப்போவதாகச் சொல்லும் திட்டத்தையும் பார்த்துத்தான் எவரும் பணம் தருகிறார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரியத்தில் பதியச் சொல்லி யாராவது உங்களை அனுப்பியிருப்பார்கள். அது கரகம், ஒயில், பறை என்று நிகழ்த்துகிறவர்களை மனதில் வைத்து உண்டானது. கைத்தொழில் செய்கிறவர்களுக்கான மத்திய அரசின் பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் சிற்பி, குயவர், கூடை முடைபவர், மீன்வலை பின்னுபவர்கூட உண்டு, ஓவியர் இல்லை. இந்த இரண்டுக்கும் அலைய வேண்டாம்.

நீங்கள் தட்ட வேண்டிய முதல் கதவு மாநிலக் கலை பண்பாட்டுத் துறை. அதன் மண்டல அலுவலகம் மதுரையில் இருக்கிறது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கலை மன்றம் தரும் விருதுகளில், 19 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கானது கலை வளர்மணி. பெரிய தொகையெல்லாம் இல்லை. ஆனால் அரசு முத்திரை போட்ட அந்தச் சான்றிதழ் பிற்பாடு எந்த விண்ணப்பத்திலும் கைகொடுக்கும். அதே துறையின் கீழ் தமிழ்நாடு ஓவிய நுண்கலைக் குழு இயங்குகிறது. தனிநபர் கண்காட்சிக்கும் கூட்டுக் கண்காட்சிக்கும் நிதியுதவி தருகிறது. ராமநாதபுரத்திலேயே ஒரு மண்டபம் பிடித்து நாலு பேர் சேர்ந்து கண்காட்சி வைக்க இதைக் கேட்டுப் பாருங்கள். சென்னையில் வைத்தால்தான் கண்காட்சி என்று எந்தச் சட்டமும் இல்லை.

மத்திய அரசில், பண்பாட்டு அமைச்சகத்துக்காக சி.சி.ஆர்.டி. என்ற பண்பாட்டுப் பயிற்சி மையம் நடத்தும் இளம் கலைஞர் உதவித்தொகைக்கு வயது 18 முதல் 25 வரை. உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஜூனியர் ஃபெலோஷிப் 25 முதல் 40 வயது வரை: மாதம் 10,000 ரூபாய், இரண்டு ஆண்டு. பட்டம் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் “நான் படம் வரையப்போகிறேன்” என்று எழுதினால் நகராது. ஆய்வு போல ஒரு கேள்வி வேண்டும். அதற்கு நீங்கள் எங்கும் போக வேண்டியதில்லை. ராமநாதபுரம் ராமலிங்க விலாசம் அரண்மனையில், இந்தச் சீமையை ஆண்ட சேதுபதிகள் காலத்துச் சுவரோவியங்கள் இருக்கின்றன: தஞ்சை மராத்தியரோடு நடந்த போர், ராமாயணக் காட்சிகள், அரண்மனை வாழ்க்கை. அந்தச் சுவர்களையும் இன்று இந்தக் கரையில் வரையப்படும் சுவர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே ஒரு நல்ல திட்டம். சுவரோவியம் வரைகிற ஒருவர் எழுதும்போது அதற்கு எடை கூடும்.

அரசு சாராத இடங்களில், பெங்களூரு ‘இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ்’ அமைப்பைத்தான் நான் முதலில் சொல்வேன். 1993-இல் தொடங்கியது. விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். இங்கிலீஷுக்குப் பயந்து ஒதுங்கிப்போகும் ஓவியர்கள் நம் பக்கம் ஏராளம், அதனால் இதை அழுத்திச் சொல்கிறேன். அங்கும் பணம் ஒரு குறிப்பிட்ட திட்டத்துக்குத்தான், வீட்டுச் செலவுக்கு அல்ல. டெல்லியில் கோஜ் என்ற கலைஞர் அமைப்பு, வேறு ஊர்க் கலைஞர்களோடு தங்கி வேலை செய்ய வாய்ப்புத் தருகிறது. இன்லாக்ஸ் அறக்கட்டளையின் நுண்கலை விருது 35 வயதுக்குள் இருப்பவர்களுக்கு. சென்னை கிரீம்ஸ் சாலையில் மத்திய அரசின் நுண்கலை அமைப்பான லலித் கலா அகாடமியின் மண்டல மையம் இருக்கிறது; அச்சுக்கலை, பீங்கான், சிற்பம் ஆகியவற்றுக்கான பட்டறைகள் உண்டு. சொந்தமாக அச்சு எந்திரம் வாங்க நம்மால் ஆகாது. தகட்டில் செதுக்கி அச்செடுக்கும் செதுக்கோவியத்தில் ஆர்வம் இருந்தால் சென்னைக்குப் போட் மெயில் ரயில் ஏறுவதற்கு இது ஒன்றே போதும். படங்களைக் கொண்டு போவதானால், கான்வாஸை வண்ணப் பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, அகலமான பி.வி.சி. குழாயில் போட்டு இரண்டு பக்கமும் மூடி மாட்டிவிடுங்கள். உள்பக்கமாகச் சுருட்டினால் வண்ணம் மடிந்து வெடிக்கும்.

இத்தனை கதவுகளிலும் கேட்கப்போவது ஒன்றைத்தான்: உங்கள் வேலையின் பதிவு. பெரும்பாலானோர் சறுக்குவதும் இங்கேதான். ட்யூப்லைட் வெளிச்சத்தில், ஃபிளாஷ் பளிச்சிட, ஓரத்தில் செருப்பு தெரிகிற போட்டோவை அனுப்பினால் நல்ல படமும் அடிபடும். காலையில் வெயில் நேராக விழாத திண்ணையில் படத்தைச் சுவரில் சாய்க்காமல் நேராக மாட்டி, போனைப் படத்தின் நடுமட்டத்தில் பிடித்து, ஜூம் செய்யாமல் எடுங்கள். ஒவ்வொன்றுக்கும் தலைப்பு, ஊடகம் (எதில், எந்த வண்ணத்தில் வரைந்தது), உயரம், அகலம், ஆண்டு எழுதுங்கள். சுவர் ஓவியங்களை வேலை முடிந்த அன்றே எடுத்துவிடுங்கள். உப்புக்காற்றில் அடுத்த மழைக்குப் பிறகு அதே நிறம் இருக்காது. நல்லதாகப் பதினைந்து படம் போதும், நூறு அனுப்பாதீர்கள். ஹோம்ஸ்டே வேலைகளை மறைக்கவும் வேண்டாம். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னைக்கு அருகே உருவாக்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமமே, ஓவியர்கள் பாத்திக் (மெழுகு பூசிச் சாயமிடும் துணி) போன்ற கைவினைப் பொருள்களை விற்ற காசில்தான் எழுந்தது.

ஒரு எச்சரிக்கை: வாட்ஸ்அப்பில் வரும் ‘சர்வதேச விருது’, ‘கௌரவ டாக்டர் பட்டம்’ எல்லாம் நீங்கள் தேர்வான பிறகு ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும். அந்தச் சான்றிதழைத் தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுகொள்வார்கள்.

சரி, ரிசார்ட் விஷயம். இதில் பதில் உங்களுக்கு முழுக்கச் சாதகமாக இல்லை. 1957 பதிப்புரிமைச் சட்டம் 17-வது பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்து வரையச் சொன்ன ஓவியத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், பணம் கொடுத்தவரே முதல் உரிமையாளர். ஆகவே முதலில் பழைய மெசேஜ்களைத் தேடுங்கள். “சுவருக்கு மட்டும்”, “வேறு எதற்கும் பயன்படுத்தினால் தனியாகப் பேசலாம்” என்பது போல ஏதாவது பேசியிருந்தால் அது உங்கள் பிடி. எதுவும் இல்லை என்றாலும் 57-வது பிரிவு இருக்கிறது: படைத்தவர் என்று உரிமை கோருவதும், பெயர் கெடும்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்ப்பதும் உங்களிடமே இருக்கும். டெல்லி விஞ்ஞான் பவனில் இருந்து அகற்றப்பட்டுச் சேதமான தன் சுவர்ச் சிற்பத்துக்காக சிற்பி அமர்நாத் சேகல் வழக்குப் போட்டு, 2005-இல் 5 லட்சம் ரூபாய் இழப்பீட்டுத் தீர்ப்புப் பெற்றது இந்தப் பிரிவை வைத்துத்தான். எதிர்த்தரப்பு மத்திய அரசு! எனவே ரிசார்ட்டுக்குச் சண்டைக் கடிதம் வேண்டாம். டி-ஷர்ட்டில் உங்கள் பெயர் போட வேண்டும், விற்பனையில் பங்கு பேசலாம் என்று மரியாதையாக எழுதுங்கள். அடுத்த சுவருக்கு அட்வான்ஸ் வாங்கும்போதே, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும் என்று ஒரு தாளில் எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுவிடுங்கள். பதிப்புரிமை அலுவலகத்தில் ஓவியத்தைப் பதிய 500 ரூபாய்தான் கட்டணம்; பதியாவிட்டாலும் உரிமை போகாது, பதிந்தால் சாட்சிக்கு உதவும்.

பவளத்தை இன்றே நிறுத்துங்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், பவளம் இருக்கிறது; செத்து ஒதுங்கியதுதானே என்ற வாதம் எடுபடாது. பக்கத்திலேயே மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா, வனத்துறை கண்ணில் படாமல் இருக்காது. அறுந்த வலை, உடைந்த வள்ளத்துப் பலகை, பனை ஓலை இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஏற்கெனவே பவளம் ஒட்டிச் செய்த படங்களை விற்கவோ, பார்சலில் அனுப்பவோ, விண்ணப்பத்தில் சேர்க்கவோ வேண்டாம். அவற்றை என்ன செய்வது என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டு, அதன் பிறகு வனத்துறையிடம் போங்கள்.