உப்புப்புதர் இலையைச் சாப்பிடலாமா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலங்களில் இயல்பாக வளரும் உப்புப்புதரான ‘ஓல்ட் மேன் சால்ட்புஷ்’ (அட்ரிப்ளெக்ஸ் நுமுலேரியா) பற்றி வந்த கேள்விகள் இவை.

கேள்வி: எங்கள் மண்ணில் உவர்ப்பே இல்லை. உப்பு போட வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். இது உப்பைத் தாங்கும் செடிதான். உப்பு இல்லாமலும் செழிக்கும். இலையின் கரிப்பு மட்டும் குறையும். நல்ல வெயிலும் நீர் தேங்காத மண்ணும் போதும். ஏறக்குறைய 3 மீட்டர் உயரம் போகும், அகலத்திலும் பரவும். அடிக்கடி கத்தரித்துவிட்டால் கைக்கு எட்டும் உயரத்தில் தளிர்கள் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: விதைத்தேன், ஒன்றுகூட முளைக்கவில்லை.

விதையை மூடியிருக்கும் உறையில் உப்பு இருக்கிறது. அதுதான் முளைப்பைத் தடுக்கிறது. காட்டில் நல்ல மழை பெய்து அந்த உப்பைக் கரைத்த பிறகே விதை விழிக்கும்; அப்போதுதான் நாற்று பிழைக்கும் அளவுக்கு மண்ணில் ஈரம் இருக்கும். இவ்வளவு நேர்த்தியான ஏற்பாட்டை எண்ணி நான் வியக்காத நாளில்லை. நீங்கள் அந்த மழையின் வேலையைச் செய்ய வேண்டும்: ஓர் இரவு ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றிக் கழுவி, மேலாக விதையுங்கள். பெரும்பாலும் ஆண், பெண் செடிகள் தனித்தனி என்பதால், தனியாக நின்ற செடியின் உறைக்குள் விதையே இல்லாமலும் போகலாம். குச்சி நட்டு வளர்ப்பது இன்னும் எளிது.

கேள்வி: இலையில் வெள்ளைப் பொடி படிந்திருக்கிறது. நோயா?

இல்லை. செடி உப்பை ஒதுக்கிவைக்கும் நுண்ணிய பைகள் அவை. பஞ்சுபோலத் திரண்டிருந்தால் மட்டும் மாவுப்பூச்சியா என்று பாருங்கள்.

கேள்வி: எப்படிச் சமைப்பது?

ஸ்பினாச் கீரை, பீட்ரூட் குடும்பத்துச் செடி இது, ஆக்சலேட் (சிறுநீரகக் கல்லுக்குக் காரணமாகக்கூடிய பொருள்) உண்டு. இளந்தளிரைக் கொதிநீரில் வேகவிட்டு அந்த நீரைக் கொட்டிவிடுங்கள். உப்பும் ஆக்சலேட்டும் குறையும். பிறகு வதக்கலாம், பருப்பில் சேர்க்கலாம். ருசி பார்க்காமல் உப்பு போடாதீர்கள். முற்றிய இலையை உலர்த்திப் பொடித்து, சமைத்த உணவின்மேல் தூவலாம். ஆஸ்திரேலியப் பழங்குடி மக்கள் விதையையும் அரைத்து மாவாக்கி உண்டார்கள்.

கேள்வி: எனக்கு ரத்தக் கொதிப்பு. சாதாரண உப்புக்குப் பதிலாக இந்தப் பொடியைப் பயன்படுத்தலாமா?

கூடாது. இலையில் இருப்பதும் சோடியம்தான். செடியிலிருந்து வந்ததால் அது வேறாகிவிடாது. சிறுநீரகக் கோளாறோ கல் தொல்லையோ உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கேள்வி: உவர்நிலத்தை இது திருத்துமா?

உப்பை அகற்றித் திருத்தாது. செடி உறிஞ்சி இலையில் சேர்த்த உப்பு, இலை உதிரும்போது மண்ணுக்கே திரும்புகிறது. உண்மையான பயன் வேரில் இருக்கிறது: நிலத்தடி நீரை உறிஞ்சி, உப்புநீர் மேலே ஏறிவராமல் தடுக்கிறது.

கேள்வி: சாலையோரப் புதரில் பறிக்கலாமா?

தயவுசெய்து வேண்டாம். உப்பைப் போலவே ஈயம் போன்ற கன உலோகங்களையும், அளவு மீறினால் நஞ்சாகும் செலினியத்தையும் இந்தச் செடி மண்ணிலிருந்து இலையில் சேர்த்துவிடும். சுரங்கம், தொழிற்சாலை அருகிலும் பறிக்காதீர்கள். வீட்டுச் செடிக்கும் ரசாயன நைட்ரஜன் உரம் போடாதீர்கள்; நைட்ரேட் இலையில் தங்கிவிடும்.