முகத்தில் பூசிய சன்ஸ்க்ரீன் உள்ளங்காலில் அரிக்காது

கேள்வி: எனக்கு எட்டாவது மாதம் நடக்கிறது. தினமும் பள்ளத்தூரிலிருந்து காரைக்குடிக்கு பஸ்ஸில் வேலைக்குப் போகிறேன். முகத்தில் மங்கு படர்ந்ததால் மினரல் சன்ஸ்க்ரீன் போட்டு வந்தேன். அதிலுள்ள ஜிங்க், டைட்டானியம் ரத்தத்தில் கலந்து குழந்தைக்குப் போய்விடும், ஐரோப்பாவில் தடையே செய்துவிட்டார்கள் என்று யூடியூபில் பார்த்ததிலிருந்து நிம்மதி இல்லை. பத்து நாளாக உள்ளங்கையும் உள்ளங்காலும் அரிக்கின்றன. கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்று அதை நிறுத்திவிட்டு, ராத்திரி ஒரு செட்ரிசின் போடுகிறேன். அப்படியும் நடுச்சாமத்தில் எழுந்து, குளிர்ச்சிக்காக ஆத்தங்குடிக் கல் தரையில் காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். நான் வயிற்றில் இருந்தபோது அம்மாவுக்கும் இப்படித்தான் அரித்ததாம். குழந்தைக்கு முடி முளைக்கிறது என்கிறார். சன்ஸ்க்ரீன் என் குழந்தையைப் பாதித்துவிட்டதா? மங்குக்கு மெடிக்கல் ஷாப்பில் ஒரு டியூப் கொடுத்தார்கள், அதைப் போடலாமா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: பாதிக்கவில்லை. அந்தப் பயத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

ஜிங்க் ஆக்சைடும் டைட்டானியம் டை ஆக்சைடும் தோலின் மேல்பரப்பிலேயே, செத்த செல்கள் இருக்கும் அடுக்கிலேயே தங்கிவிடுகின்றன. ரத்தத்துக்குப் போவது கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவு. அம்மை போட்டால் தடவும் ரோஸ் நிற கேலமைன் லோஷனில் இருப்பதும் இதே ஜிங்க் ஆக்சைடுதான். உங்கள் குழந்தை பிறந்தபின் டயப்பர் புண்ணுக்கு டாக்டர் எழுதித் தரும் களிம்பிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019-ல் 16 சன்ஸ்க்ரீன் பொருள்களை ஆராய்ந்தது. கையில் இருக்கும் ஆதாரத்தை வைத்துப் பாதுகாப்பானவை என்று முன்மொழிந்தது இந்த இரண்டை மட்டும்தான்.

ஐரோப்பாவில் 2022-ல் தடை செய்தது, மிட்டாய் போன்ற உணவில் வெள்ளை நிறத்துக்காக டைட்டானியம் டை ஆக்சைடு சேர்ப்பதை. பூசும் சன்ஸ்க்ரீனில் அது 25 சதவீதம் வரை அங்கே இன்றும் அனுமதிக்கப்பட்டதுதான். அந்த வீடியோ எடுத்தவர் இதைச் சொல்லாமல் விட்டதால் ஒரு கர்ப்பிணி தூக்கம் கெட்டு உட்கார்ந்திருக்கிறார். எனக்குக் கோபம்தான் வருகிறது.

சரி, இப்போது அந்த ஆத்தங்குடிக் கல் தரைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது அந்த ஒரு வரிதான்.

முகத்தில் பூசிய கிரீம் உள்ளங்காலில் எப்படி அரிக்கும்? கிரீம் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் பூசிய இடம் சிவக்கும், தடிக்கும், எரியும். நிறுத்தினால் அடங்கும். உங்களுக்கு நிறுத்திய பிறகும் அரிப்பு அடங்கவில்லை. ராத்திரியில் கூடுகிறது. உள்ளங்கை, உள்ளங்கால் என்று இடம் பார்த்து அரிக்கிறது. அம்மாவுக்கும் இருந்திருக்கிறது. தடிப்பும் கொப்புளமும் இல்லாமல், சொறிந்த கீறல் மட்டுமே தெரிகிறது என்றால் நான் முதலில் சந்தேகப்படுவது கல்லீரலை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் சிலருக்குப் பித்தநீர் சரியாக ஓடாமல், பித்த அமிலம் ரத்தத்தில் சேர்ந்துவிடும். அதன் முதல் அறிகுறியே பல சமயம் இந்த அரிப்புதான். மஞ்சள் காமாலை மாதிரி கண் மஞ்சளாகும் வரை காத்திருந்தால் பலருக்கு அது வரவே வராது.

உங்களுக்கு இதனால் பெரிய கெடுதல் இல்லை. பிரசவமானதும் அரிப்பு போய்விடும். கவனிக்க வேண்டியது குழந்தையை. 2019-ல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பின்படி, பித்த அமிலம் லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கும் சற்று அதிகமானோருக்குக் குழந்தை வயிற்றிலேயே இறந்திருக்கிறது. 40-க்குக் கீழே இருந்தவர்களுக்கு அது ஆயிரத்தில் ஒன்று என்ற அளவுதான். பெரும்பாலானவர்கள் 100 வரை போவதில்லை. ஆனால் எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பது ரத்தத்தைப் பார்த்தால்தான் தெரியும்.

அதனால் அடுத்த செக்கப் தேதிக்குக் காத்திருக்காமல் நாளைக்கே உங்கள் பிரசவ மருத்துவரிடம் போங்கள். "உள்ளங்கை, உள்ளங்கால் ராத்திரி அரிக்கிறது, அம்மாவுக்கும் இருந்தது" என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். வெறும் "அரிப்பு" என்றால் கூட்ட நேரத்தில் ஒரு களிம்போடு அனுப்பிவிடக்கூடும். ரத்தத்தில் பித்த அமிலத்தை அளக்கும் சீரம் பைல் ஆசிட், கல்லீரலுக்கான எல்.எஃப்.டி இரண்டும் பார்க்க வேண்டும். பைல் ஆசிட் ரத்தத்தை வெளியூர் லேபுக்கு அனுப்பினால் முடிவு வரச் சில நாள் ஆகலாம். எல்.எஃப்.டியை உள்ளூரிலேயே பார்த்துவிடலாம். முதல் தடவை இரண்டும் சரியாக இருந்து அரிப்பு நிற்கவில்லை என்றால், ஒரு வாரம் கழித்து மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பித்த அமிலம் கூடியிருந்தால் மருந்து, கண்காணிப்பு, பிரசவத்தைச் சற்று முன்னதாக வைத்துக்கொள்வது என்று எல்லாவற்றுக்கும் வழி இருக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனாலோ, குழந்தையின் அசைவு குறைந்ததாகத் தோன்றினாலோ நாளைவரைகூட வேண்டாம். அந்த நேரமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள், அது ராத்திரியாக இருந்தாலும்.

வயிறு விரியும்போது வயிற்றுத் தோல் அரிப்பது சகஜம். அதற்குத்தான் முடி முளைக்கிறது என்று பெரியவர்கள் சொல்வார்கள். உள்ளங்காலுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அந்தக் காலத்தில் அவருக்கு யாரும் பரிசோதனை செய்து பார்த்திருக்க மாட்டார்கள். செட்ரிசின் ஆபத்தான மாத்திரை இல்லை. ஆனால் பித்த அமில அரிப்புக்கு அதனால் பெரிய பலன் கிடையாது. பத்து நாள் அதை நம்பிக் கழித்ததுதான் எனக்கு வருத்தம்.

அப்புறம் அந்த மெடிக்கல் ஷாப் டியூப். பெயர் எழுதவில்லை. மங்குக்கு என்று கவுண்டரில் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் ஸ்டீராய்டு, ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின் மூன்றும் கலந்ததாக இருக்கும். ஹைட்ரோகுவினோன் தோல் வழியாக மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடம்புக்குள் போகக்கூடியது. ட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ வகை, கர்ப்பிணிக்கு ஆகாது. தொடாதீர்கள். சன்ஸ்க்ரீனைப் பார்த்து நடுங்கிவிட்டு இதைப் பூசியிருந்தால் நிலைமை தலைகீழாகியிருக்கும். பிரசவத்துக்குப் பின் சில மாதங்களில் மங்கு பெரும்பாலும் தானாகவே வெளுக்கும்.

வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரிகிறதே என்றால், அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் வரும் மினரல் கிரீம் வாங்குங்கள். மங்குக்கு அதுதான் இன்னும் நல்லது. வெயிலின் கண்ணுக்குத் தெரியும் ஒளியாலும் மங்கு கூடும், அதையும் அது தடுக்கும். எஸ்.பி.எஃப் 30 போதும். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காதோரம் வரை பூசுங்கள். பட்டாணி அளவு தொட்டுத் தேய்த்தால் பயன் இல்லை. ஸ்ப்ரே, பவுடர் வேண்டாம், மூச்சில் போகும். டைட்டானியம் டை ஆக்சைடு பற்றிய உண்மையான கவலை அந்தத் தூளைச் சுவாசிப்பதில்தான். பஸ் ஸ்டாப்பில் நிற்கும் நேரத்துக்குக் கிரீமோடு குடையும் முந்தானையும் கைகொடுக்கும்.

கிரீமை நாளைக் காலையே மறுபடி போடலாம். ரத்தம் கொடுக்கப் போகும் வழியிலும் வெயில் இருக்கும்.