நகையை அடகு வைத்துச் சிறப்புப் பள்ளியில் சேர்க்கலாமா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. ஆட்டிசம், மாற்றுத்திறனாளி சான்றிதழில் 50 சதவீதம். பக்கத்து அரசுப் பள்ளியில் 3-ம் வகுப்பு படிக்கிறான். ஒரு தனியார் சிறப்புப் பள்ளியில் ஆண்டுக்கு 1.40 லட்சம் கேட்கிறார்கள். கணவரின் சம்பளம் மாதம் 42,000. நகையை அடகு வைக்கலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: அவசரப்பட்டு நகையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள், அம்மா. 18 வயது வரை கட்டினால், கட்டணம் ஏறாமல் இருந்தாலே 14 லட்சம் ஆகிவிடும். நகைக் கடன் முதல் வருடத்துக்குத்தான் காணும். இரண்டாம் வருடம் கட்ட முடியாமல் நிறுத்தினால், பிள்ளை பழகிய இடத்தை விட்டு மறுபடி மாற வேண்டும். அது அவனுக்குப் பெரிய அவஸ்தை.

முதலில் பள்ளிக்கல்வித் துறையின் உங்கள் வட்டார வள மையத்துக்குப் போங்கள். சிறப்பாசிரியர் மகனின் பள்ளிக்கு வாரம் எத்தனை நாள் வருவார், பேச்சுப் பயிற்சி உண்டா என்று கேளுங்கள். 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 6 முதல் 18 வயது வரை இவனுக்கு இலவசக் கல்வி உரிமை தருகிறது. பக்கத்துப் பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்று தேர்வு செய்யவும் இடமுண்டு. அதனால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில், அரசு நிதியுதவியோடு நடக்கும் சிறப்புப் பள்ளிகளையும் விசாரியுங்கள்.

அப்படியும் அந்தத் தனியார் பள்ளிதான் என்று தோன்றினால், ஒரு காலைப்பொழுது வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள். ஓர் ஆசிரியரிடம் எத்தனை பிள்ளைகள்? சட்டைப் பொத்தானைப் பிள்ளையே போடும் வரை காத்திருக்கிறார்களா, அவர்களே போட்டுவிடுகிறார்களா? கட்டணம் எதற்கு என்பது அங்கே தெரிந்துவிடும்.

சரி, பணத்துக்கு வருவோம். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் மகனைச் சேருங்கள். ஆண்டுக்கு 1 லட்சம் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். தெரபிச் செலவுக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. மாற்றுத்திறனாளியைப் பராமரிக்கும் குடும்பத்துக்கான 80டிடி வருமான வரிக் கழிவைக் காட்டி யாராவது பாலிசி விற்க வந்தால் வாங்காதீர்கள். இந்தச் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் வரியே கிடையாது. பள்ளிக்குக் கட்ட நினைத்ததில் மாதம் 5,000 மட்டும் சேமித்தால், 7 சதவீத வட்டியில் 10 வருடத்தில் சுமார் 8.6 லட்சம் சேரும்.

அதை மகன் பெயரில் போடாமல் உங்கள் பெயரில் போடுங்கள். அவன் பெயரில் இருந்தால், 18 வயதுக்குப் பிறகு அவனுக்காகக் கையெழுத்திட, ஆட்சியர் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் சட்டப்பூர்வ காப்பாளர் சான்று வாங்க வேண்டியிருக்கும். உங்களுக்குப் பிறகு அந்தப் பொறுப்பு யாருக்கு என்று இப்போதே கணவரோடு பேசி வையுங்கள்.