'அன்' போடவா, 'இன்' போடவா? வாசகர் கேள்வி–பதில்

அன், இன், இம், இல், இர் என்று ஆங்கிலத்தில் எதிர்ச்சொல்லுக்கு இத்தனை முன்னொட்டு இருக்கிறதே! எந்தச் சொல்லுக்கு எதைப் போடுவது என்று கண்டுபிடிக்க வழி உண்டா?
*பிளஸ் டூ மாணவி, தென்காசி*

ஐந்து என்று எண்ணிப் பயப்பட வேண்டாம். இருப்பது இரண்டுதான். 'அன்' ஆங்கிலத்தின் சொந்தச் சரக்கு. 'இன்' லத்தீனிலிருந்து வந்தது. அடுத்து வரும் எழுத்துக்கு ஏற்ப இந்த 'இன்' உருமாறும், நம் புணர்ச்சியில் பல்லும் பொடியும் பற்பொடி ஆவது மாதிரி. பி, எம் ஆகியவற்றின் முன் 'இம்' (இம்பாசிபிள், இம்மெச்சூர்), எல் முன் 'இல்' (இல்லீகல்), ஆர் முன் 'இர்' (இர்ரெகுலர்). 'அன்' எதற்கும் வளையாது. அன்பாப்புலர், அன்ரியல், அன்லாஃபுல் என்று அப்படியே நிற்கும்.

ஆகவே அன்னா, இன்னா என்பது மட்டும்தான் கேள்வி. நூற்றுக்கு நூறு பொருந்தும் விதி இதற்கு இல்லை. ஆனால் சொல்லின் வாலைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். 'எட்', 'இங்' என முடியும் சொற்களுக்கு 'அன்': அன்ஃபினிஷ்ட், அன்டிசைடட், அன்வில்லிங். (இன்எக்ஸ்பீரியன்ஸ்ட் போல சில விலக்குகள் உண்டு.) 'ஃபுல்' என முடிந்தாலும் 'அன்'தான். 'ஐ-பி-எல்-ஈ' என முடிந்தால் அநேகமாக 'இன்' குடும்பம்: இன்விசிபிள், இன்எடிபிள், இர்ரெஸ்பான்சிபிள். 'ஏ-பி-எல்-ஈ' முடிவு இரண்டு பக்கமும் போகும். ஈட், ரீட், பிலீவ் மாதிரி வீட்டுப் புழக்க வினைகளோடு சேர்ந்தால் அது 'அன்' பக்கம் சாயும்: அன்ஈட்டபிள், அன்ரீடபிள், அன்பிலீவபிள். 'என்ட்' என முடியும் லத்தீன் சொற்களுக்கு 'இன்': இன்எஃபிஷியன்ட், இன்கன்வீனியன்ட்.

ஒரு குறுக்குவழியும் உண்டு. சொல்லே 'இன்', 'இம்' என்று தொடங்கினால் அதன்மேல் இன்னொரு 'இன்' ஏறாது. அன்இம்பார்ட்டன்ட், அன்இன்டெலிஜிபிள் என்று வருவது அதனால்தான்.

தேர்வில் வழுக்கிவிடும் இடம் வேறு. பெயரடைக்கு ஒன்றும் பெயர்ச்சொல்லுக்கு வேறொன்றும் வரும் ஜோடிகள் அவை. அன்ஈக்வல், ஆனால் இன்ஈக்வாலிட்டி. அன்ஸ்டேபிள், ஆனால் இன்ஸ்டெபிலிட்டி. அன்ஜஸ்ட், ஆனால் இன்ஜஸ்டிஸ். அன்ஏபிள், ஆனால் இன்எபிலிட்டி. இன்கம்ப்ளீட் சரி, அன்கம்ப்ளீட்டட் என்பதும் சரி, 'அன்கம்ப்ளீட்' தவறு. செரிக்காத உணவு அன்டைஜஸ்டட், அதனால் வரும் தொல்லை இன்டைஜெஷன். இவற்றைத் தனித்தனியாக நெட்டுருப் போடாதீர்கள். ஜோடியாக வாய்விட்டுச் சொல்லுங்கள், நாக்கே பிடித்துக்கொள்ளும்.

சில டேங்கர்களில் 'ஹைலி இன்ஃப்ளேமபிள்' என்றும், சிலவற்றில் 'ஃப்ளேமபிள்' என்றும் எழுதியிருக்கிறார்கள். இரண்டும் எதிர்ப்பதமா?
*லாரி ஓட்டுநர், நாமக்கல்*

இரண்டுக்கும் ஒரே பொருள்: எளிதில் தீப்பற்றும். இங்கே உள்ள 'இன்' மறுப்பு அல்ல. 'தீ மூட்டு' என்ற பொருளுடைய 'இன்ஃப்ளேம்' என்ற வினையின் உறுப்பு அது. மறுப்பு 'இன்' ஒன்று, 'உள்ளே' என்ற பொருளில் வரும் 'இன்' இன்னொன்று. உருவம் ஒன்றாக இருப்பதால்தான் இவ்வளவு குழப்பமும்.

இதைத் 'தீப்பற்றாது' என்று யாராவது படித்துவிட்டால் உயிருக்கே ஆபத்து. இதனால்தான் அமெரிக்காவின் தேசியத் தீத்தடுப்புச் சங்கம் 1920-களிலேயே 'ஃப்ளேமபிள்' என்ற சொல்லைப் பரப்பத் தொடங்கியது. எந்தப் பலகையைக் கண்டாலும் பீடியை அணைத்துவிட வேண்டியதுதான். தீப்பற்றாத சரக்குக்கு 'நான்-ஃப்ளேமபிள்' என்றே எழுதியிருக்கும்.

இன்கம், இம்போர்ட், இன்ஹேல், இம்மிகிரன்ட், இல்லுமினேட், ஏன், வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சும் இரிகேஷன்கூட இந்த இரண்டாவது 'இன்' வகையைச் சேர்ந்ததுதான்.

பணி ஓய்வு பெற்றவருக்கு வாழ்த்து மடல் எழுதினோம். அதில் 'இன்வேல்யுவபிள் சர்வீஸ்' என்று இருந்ததைப் பார்த்து, மதிப்பில்லாத சேவை என்று அர்த்தம் வருகிறது, மாற்றுங்கள் என்றார் ஒருவர்.
*அலுவலக உதவியாளர், மதுரை*

மாற்ற வேண்டாம். 'வேல்யூ' இங்கே விலை கணிப்பது என்ற வினை. விலை கணிக்கவே முடியாத அளவுக்கு உயர்ந்தது என்பதுதான் இன்வேல்யுவபிள். பிரைஸ்லெஸ் என்பதும் அப்படியே. மதிப்பில்லாததற்கு வொர்த்லெஸ், வேல்யூலெஸ். 'லெஸ்' போட்டால் எல்லாம் மட்டம் என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்குப் பிரைஸ்லெஸே சாட்சி.

மடலில் வரவே கூடாத சொல் 'இன்ஃபமஸ்'. பிரபலமாகாதவர் என்று நினைத்து எழுதுகிறார்கள். கெட்ட பெயர் எடுத்தவர் என்பதே அதன் பொருள். உச்சரிப்பிலும் கவனம் வேண்டும். 'இன்-ஃபேமஸ்' என்று சொல்லாமல், முதல் அசையை அழுத்தி 'இன்ஃபமஸ்' என்று சொல்ல வேண்டும். இம்பொட்டன்ட், இன்ஃபினிட் இரண்டிலும் அழுத்தம் முதல் அசையில்தான்.

'நான்-பெயிலபிள்' பிரிவில் கைது என்று செய்தி வருகிறது. பத்து நாளில் அவரே ஜாமீனில் வருகிறார். பிறகு அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம்?
*வாசகர், திருச்சி*

'ஜாமீனில் விட முடியாத பிரிவு' என்று நம் பத்திரிகைகள் எழுதுவதால் வரும் வினை இது. பெயிலபிள் குற்றம் என்றால் ஜாமீன் கேட்பது குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமை. உரிய பிணை கொடுத்தால் காவல் நிலையத்திலேயே விட்டாக வேண்டும். நான்-பெயிலபிள் என்றால் அந்த உரிமை இல்லை. பெரும்பாலும் நீதிமன்றத்துக்குப் போய், நீதிபதி மனம் வைத்தால் வெளியே வரலாம். எனவே 'ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாத பிரிவு' என்பதே சரி. எந்தக் குற்றம் எந்த வகை என்பதை 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதாவின் முதல் அட்டவணை சொல்கிறது. 'நான்-காக்னிசபிள்' என்று அங்கே குறித்திருந்தால், காவல்துறை வாரன்ட் இன்றிக் கைது செய்ய முடியாது, மாஜிஸ்திரேட் உத்தரவின்றிப் புலன் விசாரணையும் செய்ய முடியாது.

'நான்' என்ற முன்னொட்டின் குணமே இதுதான். அது கோடு கிழித்து, 'இந்த வகையில் சேராதது' என்று மட்டும் சொல்லும். நல்லது கெட்டது பேசாது. 'அன்'னும் 'இன்'னும் பல இடங்களில் தீர்ப்பே சொல்லிவிடும். இலக்கியமும் வரலாறும் நான்-சயன்டிஃபிக் பாடங்கள், அதில் குறை ஒன்றும் இல்லை. ஒரு ஆய்வை அன்சயன்டிஃபிக் என்றால் அது அறிவியல் முறைக்குப் புறம்பானது என்று திட்டுகிறீர்கள். குரங்கு நான்-ஹ்யூமன், கைதியைச் சித்திரவதை செய்வது இன்ஹ்யூமன். விளையாட்டை தொழிலாகக் கொள்ளாதவர் நான்-புரொஃபஷனல். வாடிக்கையாளரிடம் கத்துகிற ஊழியர் அன்புரொஃபஷனல். மேலதிகாரிக்கு மின்னஞ்சல் எழுதும்போது இந்தக் கடைசி ஜோடியில் தவறினால் வம்புதான்.

இணையத்தில் கொடுத்த விண்ணப்பம் 'இல்லெஜிபிள்' என்று திரும்பி வந்துவிட்டது. எனக்கு எல்லாத் தகுதியும் இருக்கிறதே?
*பட்டதாரி, விழுப்புரம்*

உங்கள் தகுதியை யாரும் குறை சொல்லவில்லை. தகுதியற்றவர் என்றால் 'இன்எலிஜிபிள்' என்று வந்திருக்கும். இல்லெஜிபிள் என்றால் எழுத்து தெரியவில்லை என்று பொருள். நீங்கள் ஏற்றிய சான்றிதழ் நகல் மங்கலாகவோ, ஓரம் வெட்டுப்பட்டோ இருக்கும். மூலத்தை வைத்து மறுபடி ஸ்கேன் செய்து, முத்திரையும் பதிவெண்ணும் படிக்க முடிகிறதா என்று திரையில் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கடைசித் தேதியைத் தவறவிடாதீர்கள்.

பக்கத்திலேயே 'அன்ரீடபிள்' நிற்கிறது. அது கையெழுத்துக்கும் சொல்லப்படும், நடை சரியில்லாமல் படிக்கவே பிடிக்காத கட்டுரைக்கும் சொல்லப்படும்.

அமைப்புசாராத் தொழிலாளர்களை 'டிஸ்ஆர்கனைஸ்ட் லேபர்' என்று எழுதலாமா?
*தொழிற்சங்க ஊழியர், திருப்பூர்*

கூடாது. அன்ஆர்கனைஸ்ட் என்பதே சரி. இவர்களின் சமூகப் பாதுகாப்புக்காக 2008-இல் வந்த மத்தியச் சட்டத்தின் பெயரிலும் அந்தச் சொல்தான் இருந்தது. அமைப்பாகத் திரளாதவர்கள் என்பது மட்டும்தான் அதன் பொருள். டிஸ்ஆர்கனைஸ்ட் என்றால் தாறுமாறாக, ஒழுங்கு குலைந்து இருப்பது. 'டிஸ்' வரும் இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று கலைக்கப்பட்டிருக்கும், பிடுங்கப்பட்டிருக்கும், அல்லது மறுக்கப்பட்டிருக்கும். வங்கி பணம் தர மறுத்த காசோலை 'டிஸ்ஆனர்' ஆவதும் இப்படித்தான்.

இதே வித்தியாசம் நீதிமன்றத்திலும் உதவும். 'டிஸ்இன்டரஸ்டட் விட்னஸ்' என்றால் வழக்கின் முடிவில் தனக்கென லாபநஷ்டம் இல்லாத சாட்சி. அவர் சொல்லுக்கு எடை அதிகம். கொட்டாவி விட்டுக்கொண்டு நிற்பவர் அன்இன்டரஸ்டட். பேச்சு வழக்கில் ஆங்கிலேயர்களே இரண்டையும் கலந்துகட்டி அடிக்கிறார்கள். நீங்கள் மனு எழுதுகையில் பிரித்தே எழுதுங்கள்.

யூஸ் என்ற சொல்லோ மூன்று முன்னொட்டையும் ஏற்கும். பிரிக்காத புதுப் பாத்திரம் அன்யூஸ்ட். ஒரு காலத்தில் ஓடி, இப்போது கைவிடப்பட்ட ரயில் பாதை டிஸ்யூஸ்ட். அலுவலக ஜீப்பில் கல்யாணத்துக்குப் போனால் மிஸ்யூஸ்ட்.

மிஸ்இன்ஃபர்மேஷன், டிஸ்இன்ஃபர்மேஷன்?
*கல்லூரி மாணவர், சேலம்*

இரண்டும் பொய்த் தகவல்தான். நோக்கத்தில் வேறுபாடு. உண்மை என்று நம்பி சித்தப்பா குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அனுப்பும் வைத்தியக் குறிப்பு மிஸ்இன்ஃபர்மேஷன். பொய் என்று தெரிந்தே ஒருவர் தயாரித்துப் பரப்பினால் டிஸ்இன்ஃபர்மேஷன்.

எங்கே ஒரு எஸ், எங்கே இரண்டு எஸ் என்று மாணவர்கள் தடுமாறுகிறார்கள்.
*ஆசிரியை, தஞ்சாவூர்*

முன்னொட்டையும் சொல்லையும் ஒரு எழுத்தும் குறைக்காமல், கூட்டாமல் பக்கத்தில் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். டிஸ் + அப்பியர்: ஒரு எஸ், இரண்டு பி. டிஸ் + அப்பாயின்ட்: அதே. டிஸ் + சாட்டிஸ்ஃபைட்: இரண்டு எஸ். மிஸ் + ஸ்பெல்: இரண்டு எஸ். அன் + நெசசரி: இரண்டு என். இல் + லீகல்: இரண்டு எல். பிள்ளைகள் காதால் கேட்டு எழுதுவதால்தான் பிழை வருகிறது, ஏனென்றால் உச்சரிப்பில் இரட்டை எழுத்து பெரும்பாலும் கேட்பதில்லை.

தணிக்கை அறிக்கையில் 'அன்குவாலிஃபைட் ஒபினியன்' என்று இருந்தால் கம்பெனிக்குக் கெட்டதா? ஆடிட்டருக்குக் கெட்டதா?
*பி.காம். மாணவர், கோவை*

இரண்டு பேருக்கும் நல்லது. குவாலிஃபை என்ற வினைக்குத் தகுதி பெறு என்பதோடு, நிபந்தனை சேர்த்து வரம்பு கட்டு என்றும் பொருள் உண்டு. கணக்குகள் உண்மையான, நியாயமான நிலையைக் காட்டுகின்றன, எந்த 'ஆனால்' என்ற இழுவையும் இல்லை என்று ஆடிட்டர் சொன்னால் அது அன்குவாலிஃபைட். 'இன்ன இருப்புக் கணக்கைத் தவிர' என்று கொக்கி போட்டால் குவாலிஃபைட். பயப்பட வேண்டியது இந்த இரண்டாவதற்குத்தான். இப்போதைய தணிக்கைத் தரநிலை 700 இதை 'அன்மாடிஃபைட் ஒபினியன்' என்கிறது. விடைத்தாளில் அந்தச் சொல்லையே எழுதுங்கள். பட்டம் இல்லாத மருத்துவரையும் அன்குவாலிஃபைட் என்கிறார்களே என்றால், அங்கே வேலை செய்வது தகுதி என்ற முதல் பொருள்.