350 பார் என்று பெட்டியில் போட்டிருந்தான்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வாட்டர் ஜெட், அதாவது தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் மெஷின் பற்றித்தான். காரணம் புரிகிறது. சுங்கை சிப்புட்டில் எந்தத் தாமானுக்குள் (குடியிருப்பு) நுழைந்தாலும் போர்ச்சில் பாசி, வேலியில் கறுப்பு, லோங்காங் (சாக்கடை) ஓரத்தில் வழுக்கல். ஒரு மெஷினும் ஒரு வேனும் இருந்தால் பிழைத்துக்கொள்ளலாம் என்று பையன்கள் கணக்குப் போடுகிறார்கள். பிழைக்கலாம்தான். மெஷின் வாங்கும் இடத்திலேயே பலர் விழுந்துவிடுகிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், என்னைத் திட்டியவற்றையும் சேர்த்து.

ஆன்லைனில் “350 பார், 10 லிட்டர்” என்று போட்டிருந்த மின்சார வாட்டர் ஜெட்டை 459 வெள்ளிக்கு வாங்கினேன். வீட்டுப் போர்ச் பாசிகூடப் போகவில்லை. விற்றவரைக் கேட்டால், நான் பிடிக்கும் விதம் சரியில்லையாம். மெஷின் கோளாறா, என் கை கோளாறா?
— லிந்தாங் வாசகர்

உங்கள் கைக்கு ஒன்றுமில்லை. இதே ரகத்தில் ஒன்றை நானும் வாங்கினேன். ஆரஞ்சு நிறம், “320 பார்”. வந்த மறுநாள் காரைக் கழுவினேன், சேறு என்னைப் பார்த்துச் சிரித்தது. இப்போது அது பின்வாசல் கொட்டகையில் கிடக்கிறது. கோழி அதன்மேல் முட்டையிடுகிறது.

ஒரு கணக்கு சொல்கிறேன், கைப்பேசியில் போட்டுப் பாருங்கள். பாரையும் (தண்ணீர் அழுத்தத்தின் அளவு), நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பதையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால், தண்ணீருக்குப் போய்ச் சேரவேண்டிய சக்தி கிலோவாட்டில் கிடைக்கும். 350-ஐ 10-ஆல் பெருக்கினால் 3,500. அதை 600-ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 5.8 கிலோவாட். நம் வீட்டு மூன்று முள் பிளக்கில் இருப்பது 13 ஆம்ப் ஃபியூஸ். அது தாங்குவது சுமார் 3 கிலோவாட். மிச்சம் எங்கிருந்து வரும்? மாரியம்மன் கொடுப்பாளா?

மோட்டார் 1,800 வாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சூட்டிலும் உராய்விலும் போனது போக 1,400 வாட் தண்ணீருக்குப் போனால் பெரிய விஷயம். நிமிடத்துக்கு 7 லிட்டர் விட்டால் 120 பார், 6 லிட்டருக்குக் குறைத்தால் 140. வீட்டுப் பிளக்கில் ஓடும் நேர்மையான மெஷின் இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் இருக்கும். அதற்கு மேல் போட்டிருந்தால் அட்டைப்பெட்டி அச்சடித்தவனின் கைவண்ணம். சில பெட்டிகளில் பாருக்குப் பதில் பிஎஸ்ஐ போட்டிருப்பார்கள். ஒரு பார் 14.5 பிஎஸ்ஐ. 120 என்று போட்டால் நாம் நகர்ந்துவிடுவோம், 1,740 என்று போட்டால் நின்று பார்ப்போம். அவ்வளவுதான் சூட்சுமம்.

“அதிகபட்சம்” என்று எழுதிய எண்ணை விடுங்கள். வேலை நேர அழுத்தம் எவ்வளவு, நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், இந்த இரண்டையும் கேளுங்கள். அழுத்தம் அழுக்கைப் பெயர்க்கிறது, தள்ளிக்கொண்டு போவது தண்ணீர். 7 லிட்டர் மெஷினில் அரைநாள் நிற்கிற போர்ச்சை, 15 லிட்டர் பெட்ரோல் மெஷின் வைத்திருப்பவன் காலைப் பசியாறலுக்கு முன்னால் முடித்துவிடுவான். தொழிலுக்கு லிட்டர்தான் சம்பளம். இதை நான் பத்து வருடமாகச் சொல்கிறேன், யாரும் கேட்பதில்லை, எல்லோருக்கும் பார் பைத்தியம்.

உங்கள் பணத்துக்கு வருவோம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியது. பொருள் சொன்னபடி இல்லையென்றால் 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் உங்கள் பக்கம். “விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது” என்று போர்டு மாட்டினாலும் அந்த உரிமை போகாது. பயனீட்டாளர் நீதிமன்றத்தில், அதாவது துரிபுனல் துந்துத்தான் பெங்குனாவில், போராங் 1 என்ற பாரத்தை நிரப்பி 5 வெள்ளி கட்டினால் போதும். வக்கீல் வேண்டாம். 50,000 வெள்ளி வரை கேட்கலாம், மூன்று வருடத்துக்குள் போடவேண்டும். முதல் வேலையாக அந்த விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். நாளைக்கே 350 என்பது 150 ஆகிவிடும்.

பேட்டரியில் ஓடும் “98வி” வாட்டர் ஜெட், 129 வெள்ளி. பகுதிநேரச் சைட் தொழிலுக்கு ஆகுமா?
— செம்மோர்

ஆகாது. 98 வோல்ட்டும் கிடையாது. இந்த ரகப் பேட்டரியில் ஐந்து செல், முழுச் சார்ஜில் 21 வோல்ட். ரோஜாச் செடிக்கு நல்லது.

மகன் வேலை போய் வீட்டில் இருந்தான். மெஷின், கழுவும் மருந்து, பயிற்சி, மாதம் பத்து வேலை உறுதி என்று சொல்லி 4,800 வெள்ளிக்கு ஒரு பேக்கேஜ் விற்றார்கள். சேமநிதியில் மிச்சமிருந்ததைக் கொடுத்தேன். மூன்று மாதத்தில் ஒரே ஒரு வேலை வந்தது. அதுவும் விற்றவரின் மைத்துனர் வீடு, காசும் தரவில்லை. நான் படிக்காதவள், பக்கத்து வீட்டுப் பிள்ளை எழுதிக் கொடுக்கிறது.
— ஓய்வுபெற்ற பால்வெட்டுத் தொழிலாளி

அம்மா, ஏமாந்தது படிக்காததால் இல்லை. படித்தவர்களும் இதில் விழுகிறார்கள், வெளியில் சொல்வதில்லை. விடிகாலை இருட்டில் மரம் வெட்டிச் சேர்த்த காசை மைத்துனர் போர்ச்சைக் கழுவ வாங்கிக்கொண்டவனைப் பற்றி எனக்கு வாயில் வருவதை இங்கே எழுதமுடியாது.

நடந்ததைத் தேதி வாரியாக மகனை எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு, நோட்டீஸ், பேங்க் சிலிப் ஒன்றையும் அழிக்கவேண்டாம். “பத்து வேலை உறுதி” என்ற வரி எங்கே இருக்கிறதோ அதுதான் உங்கள் கேஸ். பணத்தைத் திருப்பித் தர 14 நாள் தவணை கொடுத்து, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் சிறு வழக்கு இருக்கிறது. தனிநபர் 5,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமல் போடலாம், உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. அங்கே போராங் 198 கேளுங்கள்.

பயனீட்டாளர் நீதிமன்றத்தை ஏன் முதலில் சொல்லவில்லை என்றால், மெஷின் தொழிலுக்கு வாங்கியது. பிறர் கட்டடத்தைக் கழுவிச் சம்பாதிக்க வாங்கிய பொருளுக்கு, ‘நீ பயனீட்டாளரே இல்லை’ என்று எதிர்த்தரப்பு வாதாட இடமிருக்கிறது. தொழில் செய்பவர்கள் எல்லோரும் இதைக் குறித்துக்கொள்ளுங்கள். ரசீதை எந்தப் பெயரில் போடுகிறீர்கள் என்பதுகூடப் பின்னால் கேள்வியாகலாம்.

வழக்கு நடக்கிறவரை மெஷினைச் சும்மா போடவேண்டாம். மோட்டார் சைக்கிள், கார், சின்னப் போர்ச் செய்யட்டும். பையனை ஒரு நாள் என்னிடம் அனுப்புங்கள்.

அண்ணே, ஃபேஸ்புக்கில் செகண்ட்ஹேண்ட் பெட்ரோல் வாட்டர் ஜெட், ஹோண்டா இன்ஜின், 1,500 வெள்ளி. பாதி முன்பணம் போட்டேன். ஆளையும் மெஷினையும் பார்க்கவில்லை. இப்போது பிளாக் செய்துவிட்டான்.
— கோலகங்சார்

தம்பி, போன வருடம் புல்வெட்டும் மெஷினுக்கு இதே மாதிரி பணம் போட்டுவிட்டு எழுதியதும் நீதானே? கையெழுத்து எனக்குத் தெரியும். அப்போதும் ஆளைப் பார்க்கவில்லை.

உடனே மோசடிப் புகார் எண் 997-க்குப் போன் போடு, போலீஸ் புகார் செய். பணம் கைமாறிப் போவதற்குள் அவர்கள் தடுத்தால் உண்டு. இனிமேல் யாருக்குப் பணம் போடுவதாக இருந்தாலும், மோசடிக் கணக்குகளைக் காட்டும் போலீஸின் செமாக் மியூல் பக்கத்தில் அந்தக் கணக்கு எண்ணைத் தட்டிப் பார். ஒரு நிமிட வேலை.

செகண்ட்ஹேண்ட் வாங்கத்தான் போகிறாய், நான் சொன்னால் நிற்கவா போகிறாய்? இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது போ. போனவுடன் அது சூடாக இருந்தால் உனக்கு முன்னால் அரைமணி நேரம் போராடியிருக்கிறார்கள். பம்ப் எண்ணெயைப் பார். தேதாரிக் (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியிருந்தால் சீல் போய்த் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டது. சிவப்பும் கறுப்புமாக இருப்பதெல்லாம் ஹோண்டா இல்லை, இன்ஜினில் குத்திய எண்ணைப் படம் பிடித்து ஒரு நல்ல மெக்கானிக்கிடம் காட்டு. தண்ணீர் விட்டு, துப்பாக்கியை அழுத்திப் பத்து நிமிடம் ஓட்டிப் பார். அதற்குச் சம்மதிக்காதவனிடம் வாங்காதே.

புது ஹோஸ் வாங்கினேன். மரை சரியாக ஏறுகிறது, ஆனால் ஒழுகுகிறது. கடைக்காரர் வாஷர் மாற்றச் சொல்கிறார், மூன்று மாற்றிவிட்டேன்.
— ஜாலோங்

முப்பது மாற்றினாலும் ஒழுகும். எம்22 மரையில் இரண்டு ஜாதி உண்டு. உள்ளே போகும் தண்டு ஒன்றில் 14 மில்லிமீட்டர், இன்னொன்றில் 15. வெளியே மரை ஒன்றுதான், அதனால் ஏறிவிடும். பழைய ஹோஸின் தலையைக் கையோடு கடைக்குக் கொண்டுபோய் அளந்து வாங்குங்கள். இரண்டு வெள்ளி சாமானுக்கு நான் ஈப்போவரை மூன்று முறை போயிருக்கிறேன்.

தோட்ட லயங்களில் கழுவும் வேலை கிடைத்தது. 15 லிட்டர் பெட்ரோல் மெஷின் வாங்கினேன். இரண்டே மாதத்தில் பம்ப் போய்விட்டது. கடையில் வாரண்டி இல்லை என்கிறார்கள். அநியாயமில்லையா?
— கம்பெனி வைத்திருப்பவர்

குழாயில் தண்ணீர் எவ்வளவு வருகிறது என்று பார்த்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. பத்து லிட்டர் வாளியைக் குழாயடியில் வைத்து மணி பாருங்கள். நிரம்ப ஒரு நிமிடம் ஆனால், வருவது 10 லிட்டர், மெஷின் கேட்பது 15. மிச்சத்துக்குப் பம்ப் காற்றைக் குடிக்கிறது, உள்ளே குமிழி வெடித்து வெடித்து வால்வையும் சீலையும் தின்றுவிடும். தோட்டத்துக் குழாயில் இதுதான் நடக்கும். 200 லிட்டர் தொங் (பீப்பாய்) இரண்டை இணைத்து, மிதவை வால்வு வைத்து, அதிலிருந்து மெஷினுக்கு எடுங்கள். 1,000 லிட்டர் கூண்டுத் தொட்டி நல்லதுதான், ஆனால் நிரம்பினால் தண்ணீர் மட்டுமே ஒரு டன். அதைச் சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு மேட்டில் போனவரை எனக்குத் தெரியும். வேனின் ஸ்பிரிங்கைக் கேட்டால் கதை சொல்லும்.

இன்னொன்று, இது என் சொந்தக் கதை. இன்ஜின் ஓடுகிறது, துப்பாக்கி விசையை விட்டுவிட்டேன், முதலாளி தவுக்கே வந்து பேச்சுக் கொடுத்தார். கால்மணி நேரம். உள்ளேயே சுற்றிய தண்ணீர் கொதித்து, பம்ப் சீல் போய், 680 வெள்ளி பில். பேச்சு என்னமோ பூசணிக்காய் விலை பற்றி. இரண்டு நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் இன்ஜினையும் நிறுத்துங்கள். பம்ப் எண்ணெயை முதல் 50 மணி நேரத்தில் மாற்றினீர்களா என்று கடைக்காரர் கேட்பார், பதில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் கடைக்காரர் பக்கம்.

போர்ச்சைக் கழுவ ஆள் வைத்தேன். சிமெண்டில் வரிக்குதிரை மாதிரி கோடு போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். “காய்ந்தால் மறையும்” என்றார்கள். இரண்டு மாதமாகக் காய்கிறது.
— தாமான் குடும்பத்தலைவி

மறையாது. சிவப்பு நாசிலை, அதாவது தண்ணீர் விரியாமல் கோடாகப் பாயும் 0 டிகிரியை, கிட்டத்தில் பிடித்துச் சிமெண்டின் மேல்தோலை உரித்திருக்கிறார்கள். மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40, கறுப்பு சோப்புக்கு. போர்ச்சுக்குப் பச்சைக்குக் கீழே போகவே கூடாது, தொழில் செய்கிறவன் என்றால் வட்டமாகச் சுழலும் சர்ஃபேஸ் கிளீனர் வைத்திருக்கவேண்டும். வீட்டுக்காரர் என்ற முறையில் சேவைக்கும் நீங்கள் பயனீட்டாளர்தான், அதே 5 வெள்ளி, அதே போராங் 1. படம் எடுத்துக்கொண்டு போங்கள். கழுவுகிற தம்பிகளுக்கு: வேலைக்கு முன்னால் நீங்களும் படம் எடுங்கள். பழைய விரிசலுக்கெல்லாம் உங்களிடம் காசு கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

திருவிழா வருகிறது. கோபுரத்துச் சிலைகளில் பாசி. வாட்டர் ஜெட் அடிக்கலாமா? மெஷின் இலவசமாகத் தர ஒருவர் முன்வந்திருக்கிறார்.
— தோட்டக் கோயில் கமிட்டி

அடித்தால் முருகனுக்கு மூக்கு இருக்காது. சுதை வேலை, மேலே பெயிண்ட். மென்மையான பிரஷ், கொஞ்சம் சோப்புத் தண்ணீர், பொறுமையான நான்கு பேர். மெஷினைப் பிரகாரத் தரைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய லயத்துக் கூரை கறுத்துவிட்டது. அஸ்பெஸ்டாஸ் ஷீட். எவ்வளவு பாரில் அடிக்கலாம்?
— பெயர் வேண்டாம்

அடிக்கவே கூடாது. நார் பறக்கும், நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. எவ்வளவு கூலி கொடுத்தாலும் வேண்டாம்.

கிளோரோக்ஸ் பிளீச் ஊற்றினால் பாசி சீக்கிரம் போகிறது. அதோடு டைல் ஆசிட்டும் கலந்தால் இன்னும் வேகமாக இருக்குமா?
— அவசரக்காரர்

வேகமாக ஆஸ்பத்திரிக்குப் போகலாம். கலந்தால் வருவது குளோரின் வாயு. கிளோரோக்ஸைத் தண்ணீரில் நீர்க்கக் கலந்து தனியாக அடித்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, குறைந்த அழுத்தத்தில் கழுவுங்கள். அக்கம்பக்கத்துச் செடிக்கு முதலில் தண்ணீர் விடுங்கள்.

சிலிப்பர் போட்டுக் கழுவும்போது தண்ணீர் காலில் பட்டு ஊசிக்குத்து மாதிரி ஒரு சின்ன ஓட்டை. வலி அதிகமில்லை, பிளாஸ்டர் போட்டேன். எந்த பிராண்ட் பூட்ஸ் நல்லது?
— 19 வயது

பூட்ஸ் அப்புறம். இதைப் படித்தவுடன் ஆஸ்பத்திரிக்குப் போ. வெளியே ஊசிக்குத்து, உள்ளே தண்ணீரும் அழுக்கும் தசைக்குள் ஏறியிருக்கலாம். வெட்டிச் சுத்தம் செய்யவேண்டிய காயமாக இருக்கலாம். “வாட்டர் ஜெட் குத்தியது” என்று அவர்களிடம் தெளிவாகச் சொல்.

எஸ்எஸ்எம்மில் (கம்பெனிப் பதிவு ஆணையம்) பதிவு அவசியமா? சின்னத் தொழில்தானே?
— லிந்தாங்

அவசியம். தொடங்கி 30 நாளுக்குள். சொந்தப் பெயரில் வருடத்துக்கு 30 வெள்ளி, கடைப் பெயரில் 60. ஒரு போர்ச் கழுவினால் வந்துவிடும்.

உங்கள் கொட்டகையில் இருக்கும் அந்த ஆரஞ்சு மெஷினைப் பற்றி முன்பும் எழுதியிருந்தீர்கள். விற்பீர்களா?
— ஆர்வமுள்ளவர்

விற்பனைக்கு இல்லை. கோழி அடைக்கு உட்கார்ந்திருக்கிறது.