புகையடுப்பில் தட்டுக்கும் தட்டுக்கும் எவ்வளவு இடைவெளி?

கேள்வி: இறைச்சியைப் புகையூட்டி மெல்ல வேகவைக்கும் நெட்டுக்குத்தான புகையடுப்பு ஒன்றை நானே செய்துகொண்டிருக்கிறேன். உள்ளுயரம் 90 செ.மீ., அகலம் 50 செ.மீ., ஆழம் 45 செ.மீ. நெருப்பு அடியில் எரியும். 10 செ.மீ.க்கு ஒன்றாக ஆறு கம்பித் தட்டுகள் வரும்படி தாங்கு சட்டங்களை வெல்டிங் செய்துவிட எண்ணியிருக்கிறேன். ஆனால் நான் அதிகம் சமைக்க விரும்புவது பிரிஸ்கெட் எனப்படும் மாட்டு நெஞ்சுக்கறி, பன்றியின் தோள்பகுதி போன்ற பெரிய துண்டுகளைத்தான். இந்த இடைவெளி போதுமா?

பதில்: போதாது. நல்ல வேளையாக, வெல்டிங் செய்வதற்கு முன்பே கேட்டுவிட்டீர்கள். 10 செ.மீ. இடைவெளி விலா எலும்புக்கறிக்கும், மீனுக்கும், தொத்திறைச்சிக்கும் பொருந்தும். பெரிய துண்டு அதற்குள் நுழையவே நுழையாது. வற்புறுத்தி நுழைத்தாலும் மேல்தட்டின் கம்பி அதன் முதுகில் உரசிக்கொண்டிருக்கும். முழு நெஞ்சுக்கறி 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். அதன் தடித்த முனையில் அளந்தால் 10 முதல் 13 செ.மீ. உயரம் வரும். எலும்போடு கூடிய தோள்பகுதி 12 முதல் 15 செ.மீ. வரை உயரும். முழு வான்கோழியென்றால் 20 செ.மீ.க்குக் குறையாது.

துண்டின் உயரத்தை மட்டும் அளந்தால் கணக்கு முடிந்துவிடாது. நெஞ்சுக்கறி சூடேறும்போது நார்கள் நீளவாக்கில் சுருங்குவதால், துண்டு குட்டையாகி நடுவில் புடைத்து எழும். காலையில் தட்டையாக வைத்த கறியை நான்கைந்து மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தால், அது முதுகைக் கூனி உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். இந்தப் புடைப்புக்கு 2 செ.மீ. ஒதுக்குங்கள். அதற்கும் மேலே காற்று ஓட 5 செ.மீ., முடிந்தால் 7 செ.மீ. வெற்றிடம் வேண்டும். ஆகவே 13 செ.மீ. உயரமுள்ள துண்டுக்குக் குறைந்தபட்ச இடைவெளி 20 செ.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெறும் காற்றுக்கு ஏன் அவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும் என்று தோன்றலாம். பெரிய துண்டுகள் பெரும்பாலும் 107 முதல் 121 டிகிரி செல்சியஸ் சூட்டில் மெல்ல வேகின்றன. அந்தச் சூடு இறைச்சிக்கு வந்து சேர்வது நகர்ந்துகொண்டிருக்கும் காற்றாலும், சூடான சுவர்களிலிருந்து வீசும் வெப்பக் கதிர்களாலும்தான். இரண்டு குளிர்ந்த துண்டுகளை நெருக்கமாக ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தினால், நடுவில் உள்ள காற்று ஈரத்தோடு தேங்கிவிடுகிறது. சுவரின் வெப்பக் கதிர்களையும் அவை ஒன்றுக்கொன்று மறைத்துக்கொள்கின்றன. ஒன்றையொன்று தொட்டுவிட்டாலோ, இரண்டு துண்டுகளும் சேர்ந்து ஒரே பெரிய துண்டாகிவிடுகின்றன. தடிமன் இருமடங்கானால் நடுப்பகுதி வேகும் நேரமும் இருமடங்காகும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இறைச்சிக்குள் வெப்பம் கடந்து செல்லும் நேரம் தடிமனின் வர்க்கத்தையொட்டி வளர்வதால், அது கொள்கையளவில் நான்கு மடங்கு வரை நீளக்கூடும். 5 முதல் 60 டிகிரி வரையிலான சூட்டில்தான் கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. இறைச்சி அந்த எல்லைக்குள் நெடுநேரம் தங்குவது சுவையைக் கெடுப்பதோடு நின்றுவிடாது.

நான் முதன்முதலில் பயன்படுத்திய அடுப்பில் தட்டுகள் நிலையாகப் பொருத்தப்பட்டிருந்தன. இரண்டு தோள்பகுதிகளை அடுத்தடுத்த தட்டுகளில் நெருக்கி வைத்தேன். வெளியே எடுத்தபோது எல்லாப் பக்கமும் கருஞ்சிவப்பாகப் பொருக்குக் கட்டியிருந்தது. கீழ்த்துண்டின் உச்சியில் மட்டும், மேல்தட்டில் ஒட்டியிருந்த உள்ளங்கை அகல இடம் வெளிறி, ஈரமாக, மசாலா கரைந்துபோய் வேகவைத்த கறியைப்போல இருந்தது. புகை அந்த இடத்தைத் தொடவே இல்லை. இடைவெளியைப் பற்றி நான் அக்கறையோடு அளந்து பார்க்கத் தொடங்கியது அன்றிலிருந்துதான்.

இனி உங்கள் அடுப்பின் கணக்கைப் பார்ப்போம். அடியிலுள்ள 30 செ.மீ.யை நெருப்புக்கும், அதற்கு மேலே வைக்கும் வெப்பத்தடுப்புத் தகட்டுக்கும், நீர்த்தட்டுக்கும் விட்டுவிடுங்கள். அந்த உயரத்திலிருந்து 80 செ.மீ. வரை, 5 செ.மீ.க்கு ஒரு சோடி வீதம் 11 சோடி தாங்கு சட்டங்களைப் பொருத்துங்கள். தட்டுகளை மட்டும் எங்கு வேண்டுமானாலும் செருகி எடுக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை தட்டுகள் என்பது அன்றன்று சமைக்கும் கறியைப் பொறுத்த முடிவாக இருக்கட்டும். அதை வெல்டிங் செய்யும் நாளில் முடிவு செய்ய வேண்டியதில்லை. தோள்பகுதிக்கு 30, 50, 70 செ.மீ. உயரங்களில் மூன்று தட்டுகள் கணக்குப்படி அமையும். நானாக இருந்தால் இரண்டோடு நிறுத்திக்கொள்வேன். 30, 55 செ.மீ. என்று வைத்தால் காற்று தாராளமாக ஓடும், தெர்மாமீட்டர் கம்பியைச் செருக இடமிருக்கும், சூடான அடுப்பில் கைவிட்டுத் துண்டைத் தூக்கும்போது மேல்தட்டில் முழங்கை சுடாது. இந்தக் கடைசிக் காரணத்தை வரைபடத்தில் யாரும் யோசிப்பதில்லை.

பக்கவாட்டு இடைவெளியையும் மறந்துவிட வேண்டாம். சுவருக்கும் துண்டுக்கும் நடுவே 5 செ.மீ., துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே குறைந்தது 3 செ.மீ. விடுங்கள். தட்டை முழுவதும் மூடும் தகரத் தட்டத்தில் கறியை வைத்தால், மேலே எவ்வளவு இடம் விட்டிருந்தாலும் பயனில்லை. கீழிருந்து எழும் சூடும் புகையும் அங்கேயே தடைப்பட்டுவிடும்.

கம்பியின் வலிமையும் இதில் சேரும். இரண்டு தோள்பகுதிகள் ஏறினால் ஒரே தட்டில் 8 கிலோவுக்கு மேல் சுமை வரும். மெல்லிய கம்பி நடுவில் தொய்ந்து, நீங்கள் கணக்குப்போட்டு விட்ட இடைவெளியில் ஒரு பகுதியை விழுங்கிவிடும். 6 மி.மீ. எவர்சில்வர் கம்பியும், நடுவில் ஒரு குறுக்குச் சட்டமும் போடுங்கள். துத்தநாகம் பூசிய கம்பி வேண்டவே வேண்டாம். கறியில் தடவும் புளிப்பும் உப்பும் அந்தப் பூச்சை அரித்து உணவில் கலக்கச் செய்யும்.

கேள்வி: மேல்தட்டிலும் கீழ்த்தட்டிலும் ஒரே அளவு துண்டுகளை வைத்தும், ஒன்று முன்னதாக வெந்துவிடுகிறது. இடைவெளியை மாற்றினால் சரியாகுமா?

பதில்: ஓரளவுக்குச் சரியாகும். ஆனால் முதலில் எந்தத் தட்டு சூடு அதிகம் என்று கண்டறியுங்கள். நெருப்புக்கு மேலே தடுப்புத் தகடு இல்லையென்றால் கீழ்த்தட்டு நேரடி வெக்கையில் காயும். தகடு இருந்தால் சூடான காற்று மேலே சென்று தங்குவதால் பல அடுப்புகளில் மேல்தட்டு முந்திக்கொள்ளும். கறி எதுவும் இல்லாத நேரத்தில் அடுப்பை 175 டிகிரி வரை சூடேற்றி, ஒவ்வொரு தட்டின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஒவ்வொரு ரொட்டித் துண்டை வைத்துப் பாருங்கள். எது முதலில் சிவக்கிறதோ அங்கே சூடு அதிகம். பெரிய துண்டை அந்தப் பக்கமும், சிறியதை அடுத்த பக்கமும் வைத்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக முடியும். தட்டுகளை அடிக்கடி இடம் மாற்றுவதை நான் பரிந்துரைப்பதில்லை. ஒவ்வொரு முறை கதவைத் திறக்கும்போதும் சேர்ந்திருக்கும் சூடு வெளியேறிவிடுகிறது. பாதி நேரத்தில் ஒருமுறை மாற்றினால் போதும்.

கேள்வி: கோழியையும் மாட்டிறைச்சியையும் ஒரே நேரத்தில் புகையூட்டலாமா? எது மேலே இருக்க வேண்டும்?

பதில்: தாராளமாகச் செய்யலாம், கோழி எப்போதும் கீழ்த்தட்டில் இருக்க வேண்டும். பச்சைக் கோழியின் நீர் மற்ற இறைச்சியின்மேல் சொட்டக் கூடாது. கோழியின் உட்சூடு 74 டிகிரியை எட்ட வேண்டும். மாட்டிறைச்சி 63 டிகிரியில், மூன்று நிமிடம் ஆறவிட்டபின் உண்ணத் தகுந்ததாகிவிடும் என்றாலும், நெஞ்சுக்கறியின் சவ்வு கரைந்து மிருதுவாக அதை 90 டிகிரிக்கு மேல் கொண்டுசெல்ல வேண்டியிருக்கிறது. கோழி சில மணி நேரத்தில் முடிந்துவிடும் என்பதால், நெஞ்சுக்கறி பாதி வெந்தபின் கோழியை உள்ளே வையுங்கள். அதற்காக நெஞ்சுக்கறியின் அடியில் 20 செ.மீ. இடத்தை முதலிலேயே காலியாக வைத்திருங்கள். கொதிக்கும் கொழுப்போடு இருக்கும் தட்டை நடுவில் உருவி மேலே மாற்றுவது ஆபத்தான வேலை.