ஈயில் அடங்கிய கட்டி: அக்காவுக்காகப் பணம் கட்டலாமா?

கேள்வி: அக்காவுக்குத் தைராய்டு புற்றுநோய், அறுவை சிகிச்சை முடிந்தது. பழ ஈயில் புற்றுக்கட்டியை அடக்கிய மருந்து இருக்கிறதாம். 'செல் சிக்னல் டெஸ்ட்' எடுத்தால் அவருக்கும் கிடைக்கும் என்று ஒருவர் 90,000 ரூபாய் கேட்கிறார். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள். முதலில் பயாப்ஸி ரிப்போர்ட்டை எடுங்கள்.

ஈ விஷயம் முழுப் பொய்யல்ல, ஆனால் அங்கே குறைந்தது கட்டியல்ல, கண்ணின் சொரசொரப்பு. ஈயின் கண்ணில் சுமார் 800 குட்டிக் கண்கள் தேன்கூடு மாதிரி வரிசை பிசகாமல் இருக்கும். 'ரெட்' என்ற மரபணு தயாரிக்கும் புரதம் செல்லின் அழைப்புமணி போன்றது. வெளியிலிருந்து அழுத்தினால்தான் ஒலிக்க வேண்டும். பழுதானால் தானாகவே அடித்துக்கொண்டிருக்கும், செல்லும் பெருகிக்கொண்டே போகும். பழுதான ரெட்டை ஈயின் கண்ணில் புகுத்தினால் வரிசை குலைந்து கண் சொரசொரப்பாகிவிடும். வான்டெடனிப் மருந்தைத் தீனியில் கலந்து கொடுத்ததும் அந்தச் சொரசொரப்பு குறைந்தது. இது 2005-இல் வந்த ஆய்வு. 2011-இல் அமெரிக்கா அந்த மருந்தை அனுமதித்தது, அதுவும் ரெட் பழுது அதிகம் காணப்படும் மெடுல்லரி என்ற தைராய்டு புற்றுநோய் வகை முற்றியவர்களுக்கு மட்டும்.

தைராய்டு புற்றுநோயில் பெரும்பாலானவை பாப்பிலரி வகை. அதற்குப் பெரும்பாலும் அறுவை சிகிச்சையும், தேவைப்பட்டால் ரேடியோ அயோடின் என்ற கதிரியக்க மருந்தும்தான் முக்கியச் சிகிச்சை.

மெடுல்லரி என்றிருந்தால் கதை வேறு. அதில் ஏறக்குறைய நாலில் ஒன்று பரம்பரையாக வருவது. அதனால் மெடுல்லரி வந்த எல்லோருக்கும் ரெட் மரபணுவுக்கான ரத்தப் பரிசோதனை அவசியம். பரம்பரைப் பழுது தெரிந்தால் உடன்பிறந்தவர்கள், பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும், நீங்களும்தான். குழந்தைக்கு அந்தப் பழுது இருந்தால், புற்று வரும் முன்பே தைராய்டை எடுத்துவிடுவதுண்டு. இதைத் தவறவிடக் கூடாது. ஆனால் இது ஒரே ஒரு மரபணுவுக்கான சோதனை, சிகிச்சை தரும் டாக்டர் எழுதித் தருவது.

உங்களிடம் வந்தவர் மாதிரி ஆட்களை ஆஸ்பத்திரி வாசலில் நிறையப் பார்த்துவிட்டேன். டாக்டர் சீட்டு வேண்டாம் என்பார்கள். பணத்தை லேபுக்குக் கட்டவிடாமல் தங்கள் சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொல்வார்கள். கடைசியில் கலர் கலராக ஒரு ரிப்போர்ட் வரும், சிகிச்சையில் ஒரு மாத்திரைகூட மாறாது. அறுவையில் எடுத்து மெழுகில் பதித்து வைத்த திசுவைக் கேட்டால் அவர்கள் கையில் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

அறுவை முடிந்த பிறகும் என்ன வகை என்று வீட்டாருக்குத் தமிழில் சொல்ல ஒருவருக்கும் இரண்டு நிமிடம் கிடைக்கவில்லை என்றால், புரோக்கர் நுழையாமல் என்ன செய்வான்? அதைக் கேட்பது உங்கள் உரிமை. நாளைக்கே ரிப்போர்ட்டோடு போய், பாப்பிலரியா மெடுல்லரியா என்று கேளுங்கள். மெடுல்லரி என்றால் வீட்டுப் பிள்ளைகளைப் பற்றியும் அப்போதே கேட்டுவிடுங்கள்.